நனையும் மந்திரவாதிகள்

ஆக்ஸ்ஃபோர்டில் பெய்யும் மழையை 1827ஆம் ஆண்டு தொடங்கி நாள்தோறும் அளந்து எழுதி வருகிறார்கள். உட்ஸ்டாக் சாலையோரம் உள்ள ராட்கிளிஃப் வானிலை நிலையத்தின் வேலை அது. ஒரே இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு நீண்ட காலம் எழுதிய மழைக்கணக்கு பிரிட்டனில் வேறெங்கும் இல்லை. நம்மூர்க்காரர் யாராவது அந்தக் கணக்கைப் பார்த்தால் சிரித்துவிடுவார். வருடம் முழுக்கப் பெய்து சேர்வது ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். சென்னைக்கு 1,400. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டர், இந்த ஊருக்கு முக்கால் வருட மழை.

ஆனால் சென்னை மழை வந்தால் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். இந்த மழை கிளம்பாது. விடியும்போது தூறும், பத்து மணிக்கு விட்டது போலப் பாசாங்கு செய்யும், சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மறுபடி தூறும். குடையை விரிக்க வெட்கமாக இருக்கும். விரிக்காமல் நடந்தால் தோள்பட்டை ஈரம். சைக்கிள்காரனுக்கோ தூறல் என்று ஒன்று கிடையவே கிடையாது. நிற்கிறவன் மேல் தானாக வந்து விழும் துளியை, ஓட்டுகிறவன் எதிரே போய் முகத்தில் வாங்கிக்கொள்கிறான். வேகம் கூடக் கூட மழையும் கூடும்.

வேலை நிமித்தமாக ஓர் இலையுதிர்காலமும் அதையொட்டிய குளிர்காலமும் அங்கே இருந்தேன். தங்கியது ஊரின் வடமேற்கு மூலையில், தேம்ஸ் கரையை ஒட்டிய உல்வர்கோட்டில். வேலை, கிழக்கே மேட்டில் இருக்கும் ஹெடிங்டனில், ஓர் ஆய்வுக்கூடத்தில். நடுவே ஆக்ஸ்ஃபோர்டு முழுவதும் கிடக்கிறது. சாயங்காலங்களில் படித்ததெல்லாம் ஃபேன்டசி நாவல்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைப் படிப்பது? ஆலிஸும் நார்னியாவும் ஹாபிட்டும் லைராவும் நான் ஓட்டிப் போகும் சாலையிலிருந்து கல்லெறி தூரத்தில் பிறந்தவர்கள்.

காலையில் நனைவதும் இரவில் படிப்பதுமாகப் போனதில் எனக்கு ஓர் அளவுகோல் அமைந்துவிட்டது. ஒரு மாயக்கதையில் மழை பெய்தால், அதிலுள்ள ஆட்கள் நனைகிறார்களா? நனைந்தபின் குளிர்கிறதா, பசிக்கிறதா, துணி காய எவ்வளவு நேரமாகிறது? இதற்குப் பதில் வைத்திருக்கும் கதையில் டிராகன் வந்தாலும் நம்புவேன். பதில் இல்லாத கதையில் ராஜா பட்டம் சூட்டிக்கொண்டால்கூட நம்பமாட்டேன். இந்தக் கட்டுரை, மழை பெய்யும் ஒரு காலையில் அந்தச் சாலையில் போய்க்கொண்டே இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்ப்பது.

கிளம்புவதற்கே ஒரு சடங்கு உண்டு. முதலில் மழைக்கால்சட்டை. இது தொடையைக் காப்பாற்றும், ஆனால் வழிந்த தண்ணீர் முழுவதையும் கணுக்காலில் கொண்டுவந்து ஷூவுக்குள் ஊற்றும். அதனால் ஷூவுக்கு மேலே ஒரு ரப்பர் உறை. பிறகு மேல்சட்டை. வெளித் தண்ணீர் உள்ளே வராத சட்டை என்றால் உள்வியர்வையும் வெளியே போகாது. மேடு ஏறி முடித்ததும் மழையில் நனைந்த அளவுக்கு வியர்வையிலும் நனைந்திருப்போம். மூக்குக்கண்ணாடிக்கு இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்துக்கு மட்டும் ராஜ மரியாதை: இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றி, கேரியரில் மாட்டும் பையின் அடியில், மாற்றுச் சாக்ஸுக்கு நடுவே வைத்துவிடுவேன். சக்கரத்துக்கு முழு நீள மட்கார்டு அவசியம். அது இல்லாதவர்களின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக்கோடு நேராக ஏறியிருக்கும். நகரத்துச் சிக்னலில் நின்று பார்த்தால் யார் ஊருக்குப் புதுசு என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

நான் தங்கிய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் காட்ஸ்டோ பாலமும் அதன் அருகே டிரவுட் என்ற பழைய மதுவிடுதியும் இருக்கின்றன. பாலத்துக்கு அப்பால் கன்னியர் மடம் ஒன்றின் இடிபாடு. 12ஆம் நூற்றாண்டில் கட்டி, எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது மூடப்பட்டது. இப்போது கூரையில்லாத சுவர்கள்தான் மிச்சம். டிரவுட் விடுதிக்கும் மயில்களுக்கும் வெகுநாள் உறவு. தேம்ஸ் கரையில், ஐந்து டிகிரிக் குளிரில், தோகை நனைந்து கிடக்கும் மயிலை நினைத்தால் நம் பேகன்தான் முன்னால் வந்து நிற்பான். மயிலுக்கே போர்வை கொடுத்தவன், இந்தச் சாலையில் இருந்திருந்தால் சைக்கிள்காரன் ஒருவனுக்கும் ஏதாவது பார்த்துச் செய்திருப்பான்.

பிலிப் புல்மன் 2017இல் வெளியிட்ட 'லா பெல் சவாஜ்' நாவல் இந்த விடுதியில்தான் தொடங்குகிறது. அதிலும் இரண்டு மயில்கள் உண்டு, பேரோடு. விடுதிக்காரரின் மகன் மால்கம், பதினொரு வயதுப் பையன். அவனுக்குச் சொந்தமாக ஒரு சிறு படகு. நாவலின் பெயர் அந்தப் படகின் பெயர்தான். எதிர்க்கரை மடத்தில் கன்னியர்கள் ஒரு கைக்குழந்தையை ஒளித்து வளர்க்கிறார்கள். அவள்தான் பிற்காலத்தில் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலின் நாயகியாகும் லைரா. நாவலின் முதல் பாதி முழுக்க மழை. தேம்ஸ் ஏறுகிறது. பெருவெள்ளம் வரப்போகிறது என்று எச்சரிக்கிறார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வெள்ளம் வருகிறது, மடத்துச் சுவர் இடிகிறது. மால்கமும் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும் ஆலிஸ் என்ற பெண்ணும் குழந்தையைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெள்ளத்தோடு போகிறார்கள்.

அதற்குப் பிறகு கதைக்குள் மாயம் வந்து சேர்கிறது. குழந்தையைத் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பார்க்கும் ஒரு தேவதைப் பெண், தண்ணீருக்குள் இருக்கும் பூதம், எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களில் மால்கமுக்கும் ஆலிஸுக்கும் இருக்கும் பெரிய கவலை வேறு. குழந்தைக்குக் காய்ந்த துணி வேண்டும். பால் கரைக்கக் கொதித்த தண்ணீர் வேண்டும். கொதிக்க வைக்க நனையாத விறகு வேண்டும். வெள்ளத்தில் பாதி மூழ்கிய மருந்துக்கடை ஒன்றில் புகுந்து குழந்தைத் துணியும் பால்மாவும் தேடுகிறார்கள். வெள்ளம் வந்த ஊரில் இருந்தவர்களுக்கு இது புரியும். 2015இல் சென்னையில் மொட்டைமாடியில் நின்றவர்களும் ஹெலிகாப்டரைப் பார்த்துக் கேட்டது பால்பவுடரும் நாப்கினும்தான். புல்மன் தேவதையை நம்பவைக்கத் தனியாக எதுவும் செய்யவில்லை. குழந்தைத் துணியை நம்பவைத்தார். தேவதை அதன் பின்னாலேயே வந்துவிட்டாள்.

இதே காட்ஸ்டோவுக்கு 1862 ஜூலை 4 அன்று ஒரு படகு வந்தது. கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக் கணித ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஜ்சன், அவர் நண்பர் டக்வொர்த், கல்லூரித் தலைவரின் மகள்கள் லொரினா, ஆலிஸ், ஈடித். துடுப்புப் போட்டபடியே டாட்ஜ்சன் ஒரு கதை சொன்னார். பின்னாளில் லூயிஸ் கரோல் என்ற பெயரில் அவர் அச்சிட்ட ஆலிஸ் கதை அதுதான். அன்றைய மதியத்தைப் பொன்வெயில் மதியமாகவே அவர் நினைவு வைத்திருந்தார். ராட்கிளிஃப் நிலையத்துக் குறிப்பேடு சொல்வது வேறு: வானம் முழுக்க மேகம், இரண்டு மணிக்குமேல் மழை. இரண்டில் எது சரி என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

விவாதத்துக்கு இடமில்லாத மழை ஒன்று அதற்கு முன்பே பெய்திருந்தது. அதே ஆண்டு ஜூன் 17. அதே ஐவரும் வேறு சிலரும் ஆற்றின் மறுதிசையில் நியூனம் வரை போய்த் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து, படகை விட்டிறங்கி, குழந்தைகளைச் சான்ட்ஃபோர்டு வரை நடத்திக் கூட்டிப்போய், தெரிந்த ஒரு வீட்டில் துணி காயவைத்தார்கள். கதையில் ஆலிஸ் அழுத கண்ணீர்க் குளத்தில் விழுந்து நனைந்து கரையேறும் கூட்டத்தில் ஒரு வாத்து, ஒரு கிளி, ஒரு கழுகுக்குஞ்சு, ஒரு டோடோப் பறவை வருகின்றன அல்லவா? அவை முறையே டக்வொர்த், லொரினா, ஈடித், டாட்ஜ்சன். கரையேறியதும் அவை பேசும் முதல் விஷயம், எப்படிக் காய்வது என்பது. எலி எழுந்து, தனக்குத் தெரிந்ததிலேயே மிக வறண்ட வரலாற்றுப் பாடத்தை ஒப்பிக்கிறது. யாருக்கும் ஈரம் போகவில்லை. கையெழுத்துப் பிரதியில் டோடோ எல்லோரையும் அருகிலுள்ள ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போவதாகத்தான் இருந்தது, நடந்தது நடந்தபடி. அச்சுக்குப் போகும்போது அதை எடுத்துவிட்டு, ஆளாளுக்கு நினைத்த இடத்தில் ஓட ஆரம்பித்து நினைத்தபோது நிறுத்தும் அந்தக் கிறுக்குப் பந்தயத்தை வைத்தார். உலகத்தின் மிகத் தூய அபத்தம் என்று பேராசிரியர்கள் கொண்டாடும் அத்தியாயத்தின் அடியில் இருப்பது, நனைந்துபோன மூன்று பெண்பிள்ளைகளை எப்படிக் காயவைப்பது என்ற ஒரு வாத்தியாரின் கவலை.

காட்ஸ்டோவிலிருந்து தெற்கே பார்த்தால் போர்ட் மெடோ. நகரத்தை ஒட்டி ஆற்றோரம் விரிந்து கிடக்கும் மேய்ச்சல் வெளி. ஏர் பட்டதே இல்லை என்று சொல்லும் மண். 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே இது ஊர்ப் பொதுமேய்ச்சலாகப் பதிவாகியிருக்கிறது. இன்றும் குதிரையும் மாடும் மேய்கின்றன. வெயில் நாளில் இதன் ஓரமாக ஓட்டிக்கொண்டு போய் ஜெரிக்கோ பகுதிக்குள் நுழைந்துவிடலாம். மழைக்காலத்தில் வழி தண்ணீருக்குள் போய்விடும். நேற்று மாடு நின்ற இடத்தில் இன்று அன்னம் மிதக்கும். ஆகவே மழை நாளில் ரயில் பாதையையும் கால்வாயையும் கடக்கும் பாலம் ஏறி, ரவுண்டானாவைச் சுற்றி, உட்ஸ்டாக் சாலையைப் பிடிக்க வேண்டும்.

நேரான நீண்ட சாலை. இருபுறமும் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள், பெரிய மரங்கள். நவம்பரில் ஆபத்து மழையில் இல்லை, இந்த மரங்களில் இருக்கிறது. உதிர்ந்த இலை நனைந்து, கார் ஏறி நசுங்கி, சாலையோரத்தில் பழுப்புக் கூழாகக் கிடக்கும். சைக்கிளுக்கு ஒதுக்கிய பாதையும் சாலையோரம்தான். அதற்கு மேல், விளிம்பைப் பிடிக்கும் பழைய பாணிப் பிரேக்குக்கு ஈரத்தில் ஒரு நொடித் தயக்கம் உண்டு: அழுத்தியதும் பிரேக் கட்டை முதலில் விளிம்பின் தண்ணீரைத் துடைக்கும், சக்கரம் ஒருமுறை சுற்றி வந்தபின்தான் பிடிக்கும். மழையில் ஓட்டுவது என்பது இந்த ஒரு சுற்றை முன்கூட்டியே யோசித்து ஓட்டுவது.

சிக்னலில் எல்லோரும் சேர்ந்து நிற்போம். தோள்மேல் தார்ப்பாய் போலப் போர்த்திய வயதான பேராசிரியர், சீருடை நனையப் பள்ளிப்பையன்கள், முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளையைக் கூட்டிப்போகும் ஓர் அம்மா. பெட்டிக்கு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே அந்தப் பெண்பிள்ளை முழங்காலில் புத்தகத்தை விரித்து, சுற்றிலும் நனைந்து நிற்கும் ஒருவரையும் நிமிர்ந்து பாராமல் படித்துக்கொண்டிருந்தாள். ஊரிலேயே நனையாத வாசகி அவள்தான்.

இந்தச் சாலை முடிவதற்குச் சற்று முன்னால் எண்கோணக் கோபுரத்தோடு ராட்கிளிஃப் வானாய்வகம் தெரியும். மழைமானி இருப்பது இந்த வளாகத்தில்தான். தினமும் காலையில் யாரோ ஒருவர் போய், நேற்று விழுந்தது எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதுகிறார். விக்டோரியா பட்டத்துக்கு வருமுன்பே தொடங்கிய வேலை. இதைக் கடக்கும்போதெல்லாம் சூசன்னா கிளார்க் 2020இல் எழுதிய 'பிரனேசி' நினைவுக்கு வரும். முடிவில்லாத கூடங்களும் சிலைகளும் கொண்ட ஒரு மாளிகை. கீழ்த்தளங்களில் கடல், மேல்தளங்களில் மேகம். அதற்குள் தனியாக வாழும் மனிதன் பிரனேசி. கிளார்க் அவனுக்கு மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. குறிப்பேடு கொடுத்தார். எந்தக் கூடத்தில் எப்போது அலை ஏறும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். கடற்பாசியைக் காயவைத்து அடுப்பெரிக்கிறான். ஷூ பிய்ந்துபோனால் அது அவனுக்குப் பெரிய செய்தி. பல அலைகள் ஒன்றுசேரும் நாளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறான். நாவலின் உச்சக்கட்டம் அந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. எங்கே ஈரம் ஏறும் என்று அறிந்து வைத்திருப்பதுதான் அந்த உலகத்தில் ஞானம். படித்து முடித்தபின் எனக்கு அந்த மாளிகையைவிட அவன் அட்டவணையே உண்மையாகப் பட்டது. மாளிகை இருந்தால்தானே அட்டவணை போட முடியும்?

உட்ஸ்டாக் சாலை செயின்ட் ஜைல்ஸில் வந்து விழுகிறது. இடப்புறத்தில் 'லாம்ப் அண்ட் ஃபிளாக்', வலப்புறத்தில் 'ஈகிள் அண்ட் சைல்ட்', இரண்டும் பழைய மதுவிடுதிகள். சி.எஸ். லூயிஸும் டோல்கீனும் அவர்கள் கூட்டாளிகளும் செவ்வாய்க்கிழமை மதியங்களில் கூடிய இடம் இரண்டாவது. 2020 பெருந்தொற்றில் மூடிய அதன் கதவு, நான் அந்த வழியாகப் போன காலம் முழுக்கத் திறக்கவில்லை. உலகமெங்கிருந்தும் வருகிறவர்கள் பூட்டிய கதவின்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், மழையென்றால் குடையோடு.

டோல்கீனும் சைக்கிள்காரர்தான். இந்த ஊரின் வடபகுதியில், நார்த்மூர் சாலையில் வீடு. கல்லூரிக்கும் வகுப்புக்கும் சைக்கிளில் போய் வந்தவர். அந்த வீட்டில் எழுதிய 'ஹாபிட்' 1937இல் வந்தது. அதன் இரண்டாம் அத்தியாயத்தை மழையில் நனைந்து வந்த ஒரு நாள் ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். பில்போவும் பதின்மூன்று குள்ளர்களும் புறப்பட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மே மாதக் கடைசி. கொட்டுகிறது மழை. தொப்பியிலிருந்து சொட்டுகிறது, மட்டக்குதிரைகள் தொப்பலாகிவிட்டன. அதில் ஒன்று மிரண்டு ஆற்றுக்குள் பாய, அதன் முதுகில் இருந்த சாப்பாட்டுச் சுமை பெரும்பகுதி ஆற்றோடு போய்விடுகிறது. கூட வந்த மந்திரவாதி காண்டால்ஃப் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயிருக்கிறார். நெருப்பு பற்றவில்லை. பசி. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. காய்ந்த வயிறும் ஈரத் துணியுமாக இருப்பவன் வெளிச்சத்தைப் பார்த்தால் என்ன செய்வான்? போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மனிதரைத் தின்னும் மூன்று பூதங்கள். அந்த மழை இல்லையென்றால் அந்தப் பூதங்கள் இல்லை. பூதக்குகை இல்லையென்றால் அங்கே கிடைத்த வாள்களும் இல்லை. ஒரு மட்டக்குதிரை மிரண்டதில் கதையின் பாதி தொங்குகிறது.

டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவ'னிலும் இதே நியாயம்தான். கரத்ராஸ் மலையில் பனி வந்து அடைக்கிறது. காண்டால்ஃப் இம்முறை கூடவே இருக்கிறார். ஈர விறகைப் பற்றவைக்கக் கைத்தடி மந்திரத்தைச் செலவழிக்கிறார், அவ்வளவுதான். திரும்பி இறங்க வழி செய்வது கூட வந்த வீரர்கள் அரகோர்னும் போரோமிரும், தங்கள் தோளையும் மார்பையும் கொடுத்துப் பனியை முட்டித் தள்ளி. மந்திரவாதி கூட வந்தும் வானிலையிடம் தோற்றுத் திரும்புகிறார்கள்.

இந்த ஈரம் டோல்கீனுக்கும் லூயிஸுக்கும் எங்கிருந்து வந்தது என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், ஸோம் போர்க்களத்தில் அதிகாரியாக இருந்தவர். மழையும் சேறும் பேனும் நிறைந்த பதுங்குகுழிகள். பேன் பரப்பும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்துதான் அந்த நவம்பரில் இங்கிலாந்து திரும்பினார். மோதிர நாவலில் வரும் பிணச் சதுப்பு ஸோமுக்குப் பிந்திய வடபிரான்ஸுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று பின்னாளில் அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். லூயிஸ் தம் பத்தொன்பதாவது பிறந்தநாளன்று போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தார். 1918 ஏப்ரலில் காயம்பட்டார். பிற்காலத்தில் அந்த மதுவிடுதியின் பின்னறையில் உட்கார்ந்து தேவதைக் கதை பேசிக்கொண்டிருந்த இருவருக்கும், ஈரச் சாக்ஸோடு நாள்கணக்கில் நிற்பது என்றால் என்ன என்று தெரியும். மாயக்கதை எழுதுகிறவர் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறவர் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இவர்கள் தப்பி ஓடிய இடத்திலும் மழை பெய்துகொண்டிருந்தது.

லூயிஸின் நார்னியாவுக்கு மழை இன்னும் நெருக்கம். 1950இல் வந்த முதல் நாவலில், போர்க்கால லண்டனிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒரு கிராமத்துப் பேராசிரியர் வீட்டுக்கு வருகிறார்கள். மறுநாள் மலைக்கும் காட்டுக்கும் போய்ச் சுற்றுவதாகத் திட்டம். விடிந்தால் மழை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அறை அறையாகச் சுற்றும்போதுதான் லூசி அந்த அலமாரியைத் திறக்கிறாள். வெயில் அடித்திருந்தால் நார்னியா கிடையாது.

செயின்ட் ஜைல்ஸிலிருந்து பிராட் வீதி, பிறகு கேட் வீதியின் கருங்கற்பாவு, அப்புறம் ஹை ஸ்ட்ரீட். பாவு கற்கள் நனைந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவது மரியாதை. பேருந்து நெரிசலுக்கு நடுவே சாக்கடை மூடிகளையும் சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளையும் விலக்கி ஓட்டவேண்டும். ஈர இரும்பும் ஈரப் பெயின்ட்டும் திருப்பத்தில் சக்கரத்தை வாரிவிடும். இந்த வீதியில் 48ஆம் எண்ணில்தான் வில்லியம் மோரிஸ் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டித் தொடங்கியவர், பிறகு கௌலியில் கார்த் தொழிற்சாலை எழுப்பி இந்தச் சாலைகளையெல்லாம் காருக்குக் கொடுத்தார். வீதி முடியும் இடத்தில் இடப்புறம் மாட்லின் கல்லூரி. லூயிஸின் அறைகள் இருந்தது இங்கே. வியாழன் இரவுகளில் நண்பர்கள் கூடி டோல்கீன் எழுதி வந்த அத்தியாயங்களை உரக்கப் படிக்கக் கேட்டதும் இங்கேதான். வலப்புறம் 1621இல் அமைத்த தாவரவியல் பூங்கா. புல்மனின் லைராவும் வில் என்ற பையனும் வெவ்வேறு உலகங்களில் இருந்தபடி ஆண்டுக்கொருமுறை வந்து உட்காரும் பெஞ்சு இதற்குள் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் கோடைநடுவில், நண்பகலில். புத்திசாலிகள்.

மாட்லின் பாலம் தாண்டி, எல்லாத் திசையிலிருந்தும் பேருந்து வந்து சேரும் அந்த ரவுண்டானாவையும் கடந்துவிட்டால் ஹெடிங்டன் மேடு. அதுவரை முகத்தில் அறைந்த மழை இப்போது தலையில் விழும், அவ்வளவு மெதுவாக ஏறவேண்டிய ஏற்றம். கியரை எல்லாம் இறக்கி, மூச்சு வாங்க, சாலையோரச் சுவரில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கும்போது, அந்தக் குளிர்காலத்தில் நான் படித்ததிலேயே உயர்ந்த மழை நினைவில் பெய்யும். அது ஆக்ஸ்ஃபோர்டு மழை அல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த அர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்ஸீ மந்திரவாதி'யில் வருவது.

கெட் என்ற பையன் மந்திரம் கற்க ஓகியன் என்ற குருவோடு மலைப்பாதையில் நடக்கிறான். மழை வருகிறது. அந்தத் தீவுகளில் மழையைத் தள்ளிவிடுவது கடைநிலை மந்திரவாதிக்கும் கைவந்த கலை; ஒருவன் இந்த ஊர் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளுவான், அடுத்த ஊர்க்காரன் அதற்கடுத்த ஊருக்கு, கடைசியில் மேகம் கடலுக்குப் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும். ஓகியனோ ஊரே மதிக்கும் பெரிய மந்திரவாதி. பூகம்பத்தை அடக்கியவர். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடர்ந்த ஃபிர் மரம் ஒன்றைப் பார்த்து, அதனடியில் படுத்துக்கொள்கிறார். பையன் சொட்டும் புதருக்குள் குந்தி உட்கார்ந்து, நனைந்து, கடுகடுத்து யோசிக்கிறான்: உபயோகிக்காத சக்தி இருந்தென்ன? பிறகு அவன் மந்திரப் பள்ளிக்குப் போனதும் அதற்குப் பதில் கிடைக்கிறது. ஒரு தீவில் வரவழைக்கும் மழை இன்னொரு தீவின் வறட்சியாக முடியலாம் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். அதைக் காதில் வாங்கியும் மனதில் வாங்காமல், அவன் தன் திறமையைக் காட்டப்போய் அழிவைக் கூப்பிடுவதுதான் மீதிக் கதை.

லெ குவினைப் படித்தபோது புதிதாக ஒன்றைக் கேட்டதாகத் தோன்றவில்லை. கிஷ்கிந்தையில் இராமன் என்ன செய்தான்? வாலி இறந்தாயிற்று, சுக்கிரீவனுக்கு முடிசூட்டியாயிற்று, சீதையைத் தேடப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி. கார்காலம் வந்துவிட்டது. கம்பர் ஒரு படலமே அதற்கு ஒதுக்குகிறார். கடலை வற்றவைக்கும் அம்பு அவனிடம் இருக்கிறது. பின்னால் யுத்த காண்டத்தில் வருணனை நோக்கி அதைத் தொடுக்கவும் செய்கிறான். ஆனால் மேகத்தின்மேல் ஓர் அம்பு விடவில்லை. மழை விடும்வரை மலையில் உட்கார்ந்து, மனைவியை நினைத்து உருகிக் காத்திருக்கிறான். கோவர்த்தனத்தில் கண்ணனும் இந்திரன் அனுப்பிய மழையை நிறுத்தவில்லை. குடைதான் பிடித்தான். நம் புராணக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது: கடவுளையே இறக்கிவிட்டாலும், மழைக்குக் கட்டுப்பட்டவனாக வைத்தால்தான் கேட்பவன் அவனுக்காக அழுவான்.

பாட்டி சொல்லும் கதைக்கு இந்த அளவுகோல் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ராஜகுமாரன் போனான் என்றால் போனான்தான். ஐந்தாவது மலையில் தூறல் இருந்ததா என்று குறுக்கே கேட்டால் பாட்டி தலையில் குட்டுவாள். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் முருங்கை மரத்துக்கும் மயானத்துக்கும் நடக்கும்போது நமக்கு வேண்டியது வேதாளத்தின் புதிர். அந்தக் கதைகளின் வேகமே அவற்றின் நம்பகம். அறுநூறு பக்கம் எழுதி, வரைபடமும் போட்டு, நாலாயிரம் வருட வம்சாவளியும் கொடுத்து, என்னை உள்ளே வந்து குடியிருக்கச் சொல்லும் நாவலின் கதை வேறு. குடியிருக்கச் சொல்கிறவர் கூரை ஒழுகுமா என்று சொல்லியாக வேண்டும். அண்மையில் புரட்டிய சில தடித்த புத்தகங்களில் அக்னி மந்திரத்துக்குப் பன்னிரண்டு விதிகள் இருந்தன, குதிரையில் பகலெல்லாம் போனவனுக்குத் தொடை காய்த்துப்போனதாக ஒரு வரி இல்லை. பாதியில் வைத்துவிட்டேன்.

மேட்டின்மேல் லண்டன் சாலை சமதளமாகிவிடும். இடப்புறம் பிரியும் சாண்ட்ஃபீல்டு சாலையில்தான் டோல்கீன் 1953 முதல் 1968 வரை இருந்தார். மோதிர நாவல் அச்சில் வந்தது அப்போதுதான். இன்னும் கிழக்கே போனால் ஹெடிங்டன் குவாரி தேவாலயம், அதன் முற்றத்தில் லூயிஸின் கல்லறை. நான் அதுவரை போகாமல் முன்னதாகவே திரும்பிவிடுவேன்.

ஆய்வுக்கூடத்து வாசலில் பாதுகாப்புப் பணியில் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர். மழை நாளில் நான் சைக்கிளை நிறுத்தும் கொட்டகை வரை அவர் பார்வை வரும்.

"என்ன தம்பி, தெப்பமா நனைஞ்சு போய் வாறீர்? பஸ்ஸில வரலாம்தானே?"

ஹீட்டர்மேல் சாக்ஸைப் பரப்பிவிட்டு, பாலித்தீன் பைகளைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"மந்திரக்காரன்ர கதையோ?"

"ஓம் அண்ணை. பெரிய மந்திரவாதி. மழை வந்தா மரத்துக்குக் கீழ படுத்துக்கிறார்."

"ஏன், மழையை நிப்பாட்டத் தெரியாதோ?"

"தெரியும். நிப்பாட்ட மாட்டார்."

"அப்ப அந்த மந்திரத்தாலை என்ன பிரயோசனம்?"

புதருக்குள் குந்தியிருந்த கெட் கேட்ட அதே கேள்வி. இங்கே தள்ளிவிட்டால் அது இன்னொருத்தன் தலையில் போய் விழும், இல்லையென்றால் எங்கோ ஒரு வயல் காயும், அதனால்தான் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபடி சற்று யோசித்தார்.

"எங்கட வன்னியிலை மழை இல்லாமல் நெல்லு கருகிறதைக் கண்ட ஆள் போல கிடக்கு. விளங்கின மனுசன்" என்றார். "அவருக்குப் படுக்க மரம் இருந்தது. நீர் நாளைக்கு பஸ்ஸில வாரும்."